நல்ல கடை எது? – கணிப்பொறிப் பாகங்கள் வாங்குவோருக்குச் சில குறிப்புகள்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

வெண்டைக்காய் வாங்கும் அம்மா அதன் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறார். புடவைக் கடையில் முந்தானையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. ஆனால் கணிப்பொறியின் பாகம் ஒன்றை வாங்கச் சென்றால் என்ன செய்வது? விரல் நீளமுள்ள ஒரு பச்சைப் பலகையை ஒடித்துப் பார்க்கவும் முடியாது, முகர்ந்து பார்க்கவும் முடியாது. உள்ளே இருப்பது நல்லதா, பழுதா, புதிதா, பழையதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கடைக்காரர் சொல்லை நம்பியே வாங்குகிறோம். ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களாகிறோம்.

இதை நாங்கள் ஆராயத் தொடங்கியதற்குக் காரணம் நம் பள்ளிக் கணிப்பொறிக் கூடமே. அங்குள்ள 12 கணிப்பொறிகளில் 7 இயங்காமல் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. ஐந்து இயந்திரங்களின் முன் நாற்பது பேர் அமர்வது எப்படி என்பது தோழியர் அனைவரும் அறிந்ததே. நம் வகுப்பில் பலருடைய வீட்டில் ஒரே ஒரு கைப்பேசிதான் உண்டு. அதுவும் அப்பா வேலைக்குச் செல்லும்போது அவருடன் சென்றுவிடும். அத்தகைய தோழியருக்கு விசைப்பலகை என்பது இந்தக் கூடத்தில் மட்டுமே கிடைக்கும் பொருள். அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பிரிவு எடுக்க விரும்புவோர் அவர்களிலும் உண்டு. விற்பனை விழாவில் எங்கள் கடைகளில் சேர்ந்த பணத்தைத் தலைமை அன்னையிடம் ஒப்படைத்தபோது, “எதை வாங்க வேண்டும், எங்கே வாங்க வேண்டும் என்பதை நீங்களே விசாரித்து எழுதிக் கொடுங்கள்” என்று எங்களிடமே அப்பொறுப்பைத் தந்துவிட்டார்கள்.

முதலில் விசாரித்த ஒரு கடையில் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கும்படி கூறினார்கள். காரணமும் சொன்னார்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. 2014-இல் வாங்கிய இந்த இயந்திரங்களின் செயலிகள் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. இரண்டும் உண்மையே. ஆனால் அதிலிருந்து ‘தூக்கிப் போட வேண்டும்’ என்னும் ஒரே முடிவுக்குத்தான் வர வேண்டுமா? விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளம் இத்தகைய பழைய இயந்திரங்களிலும் நன்றாக ஓடும். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்தக் கடையில் இதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உண்மையை மட்டுமே பேசுகிற கடையும் பாதி உண்மையோடு நின்றுவிடக்கூடும் என்பதை அன்று அறிந்தோம்.

கடைக்குச் செல்லும் முன் நம்மிடம் இருப்பது இன்னதென்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கணிப்பொறி ஆசிரியை அருகிலிருக்க, மின் இணைப்பை நீக்கிவிட்டு, ஒவ்வொரு கேபினெட்டையும் திறந்தோம். (உள்ளே இருந்த தூசியைக் கொண்டு ஒரு தொட்டிச் செடியே வளர்க்கலாம்!) மதர்போர்டின் மேல் அதன் மாதிரி எண் அச்சிடப்பட்டிருக்கும், அதைக் குறித்துக்கொண்டோம். ராம் எனப்படும் நினைவகப் பலகையின் மேல் PC3-12800 என்று ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒட்டியிருந்தது. தமிழில் சொன்னால் ‘பி.சி.3-12800’. இதில் உள்ள 3 என்பது டி.டி.ஆர்.3 வகையைக் குறிக்கும். 12800 என்பது நொடிக்கு 12,800 மெகாபைட் வேகம். அதனை எட்டால் வகுத்தால் வரும் 1600 என்பதையே கடைகளில் சொல்வார்கள். டி.டி.ஆர்.3, 4, 5 ஆகிய மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் அடிப்பகுதியிலுள்ள வெட்டுக் குறி வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஆதலால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மின்னழுத்தமும் வேறு: டி.டி.ஆர்.3-க்கு 1.5 வோல்ட், 4-க்கு 1.2, 5-க்கு 1.1.

இந்தச் சோதனையிலேயே ஒரு நன்மை விளைந்தது. இரண்டு இயந்திரங்களுக்குக் கடையே தேவைப்படவில்லை எனலாம். ஒன்றில் மதர்போர்டிலுள்ள வட்ட பேட்டரி தீர்ந்திருந்தது. அதனால் தேதி தவறி, இணையப் பக்கங்கள் எதுவும் திறக்காமல் இருந்தது. அந்த பேட்டரியின் பெயர் சி.ஆர்.2032. அதன் பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் பருமன். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். மற்றொன்றில் ராமைக் கழற்றி, அதன் பொன்னிறத் தகடுகளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது. பேட்டரியைத் தவிர வேறு செலவில்லை.

எஞ்சிய ஐந்துக்குப் பாகங்கள் வேண்டியிருந்தன. சென்னையில் இருப்போர்க்கு இதற்கென ஒரு தெருவே உண்டு. அண்ணா சாலைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையிலுள்ள ரிச்சி தெருதான் அது. வானொலிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றிருந்து, பின் தொலைக்காட்சி, கணிப்பொறி, கைப்பேசி எனக் காலத்துக்கேற்ப மாறிய தெரு. இன்று நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு முதலிய பக்கத் தெருக்களையும் சேர்த்தே மக்கள் ரிச்சி தெரு என்கிறார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெங்களூருக்கு எஸ்.பி. சாலை, மும்பைக்கு லாமிங்டன் சாலை, தில்லிக்கு நேரு பிளேஸ் என ஒவ்வொரு பெருநகருக்கும் இப்படி ஒன்று உண்டு.

ஒரே பொருளை விற்போர் ஏன் ஒரே தெருவில் கூடுகிறார்கள்? போட்டி மிகுந்து நட்டமன்றோ வரும் என்று எங்களுக்கு வியப்பாக இருந்தது. நின்று கவனித்தபின் விளங்கிற்று. நாம் கேட்ட பொருள் கடையில் இல்லையென்றால் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். “அஞ்சு நிமிஷம் இருங்கம்மா” என்று சொல்லிவிட்டு ஒரு பையனை அனுப்புவார்கள். அவன் பக்கத்துச் சந்திலிருந்து பொருளோடு ஓடி வருவான். தெரு முழுவதும் ஒவ்வொரு கடைக்கும் கிடங்காகப் பயன்படுகிறது! வாங்குவோர்க்கும் பத்துக் கடை விலையைப் பத்து நிமிடத்தில் அறிவது எளிது. ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. நமக்கு விற்பவர் ஒருவர், பொருள் வந்த கடை வேறொன்று. நாளை அது பழுதானால் யாரிடம் கேட்பது? யார் பெயரில் பில் இருக்கிறதோ அவரிடம்தான். பில்லைப்பற்றிப் பின்னால் சொல்வோம்.

சிஸ்டரும், ஒரு தோழியின் தந்தையாரும், நாங்கள் நால்வரும் ஒரு சனிக்கிழமை சென்றோம். முதற்கடையில் “எத்தனை ஜி.பி.?” என்னும் ஒரே கேள்விதான். விலையைச் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுக்கத் திரும்பிவிட்டார். எந்த மதர்போர்டு, எந்த வகை என்பதை அவர் கேட்கவே இல்லை. இரண்டாவது கடையில் வேறு விதம். கேள்விகளை நாங்கள் கேட்டோம். விடைகளை அவர் தோழியின் தந்தையாரைப் பார்த்தே சொன்னார். தந்தையாரோ வங்கியில் பணி செய்பவர்; ராமுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வேறுபாடு தெரியாது என்று அவரே சிரித்துக்கொண்டு கூறுபவர். “எனக்கு ஒன்றும் தெரியாது சார், பாப்பாக்களிடம் சொல்லுங்கள்” என்று இருமுறை சொன்னார். அப்படியும் கடைக்காரரின் பார்வை எங்கள் பக்கம் திரும்பவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லைதான். நாங்கள் நன்றி கூறிவிட்டு வெளியேறினோம். அவர் கடையில் சரக்கு நிறைய இருந்தது, விலையும் குறைவு. அப்படியிருந்தும் நல்ல கடைகளின் வரிசையில் அதனை நாங்கள் சேர்க்கவில்லை. கேட்பவருக்கு விடை சொல்லாதவர், பொருள் பழுதாகி நாங்கள் திரும்பி வரும் நாளில் மட்டும் சொல்வாரா?

மூன்றாவது கடை ஓர் ஆள் அகலமே இருக்கும். அங்கிருந்த பெரியவர் எங்கள் காகிதத்தை வாங்கி, கண்ணாடியை உயர்த்திப் படித்தார். “எத்தனை ஸ்லாட் இருக்கும்மா? ரெண்டா? இப்ப எவ்வளவு போட்டிருக்கு? பிள்ளைங்க இதுல என்ன படிக்கப் போறாங்க?” என்று வரிசையாகக் கேட்டார். பதிலைக் கேட்டபின், “பதினாறு ஜி.பி. வேண்டாம், எட்டு போதும். மிச்சக் காசுக்கு எஸ்.எஸ்.டி. போடுங்க, அதுலதான் வித்தியாசம் தெரியும்” என்றார். தம் விற்பனையைத் தாமே குறைத்துக்கொண்டு பேசிய கடைக்காரரை அன்று அவர் ஒருவரிடமே கண்டோம்.

அவர் சொன்னது பாட அறிவோடும் ஒத்துப்போகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். எழுத்துக்கோலைத் தாங்கிய கை ஒன்று அங்குமிங்கும் நகர்ந்து ஒவ்வொன்றாகத் தேடும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை, அனைத்தும் சில்லுகள். அதனால் தேடும் நேரம் மிகக் குறைவு. எங்கள் கூடத்தில் நான்கு நிமிடம் கழித்து விழித்த இயந்திரம் இப்போது நாம் நாற்காலியை இழுத்து அமர்வதற்குள் விழித்துவிடுகிறது.

டி.டி.ஆர்.3 ராம் பழையதுதான் கிடைக்கும் என்பதையும் அவரே முன்கூட்டிச் சொன்னார். ஒவ்வொன்றையும் கடையிலிருந்த சோதனை மதர்போர்டில் செருகி எங்கள் கண்முன் ஓட்டிக் காட்டினார். ‘பழைய பொருள், ஆறு மாத வாரண்டி’ என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்தார். முதற்கடையைவிட ஒவ்வொன்றுக்கும் எண்பது ரூபாய் அதிகம். நான்கு இயந்திரங்களுக்கு ஒன்று வீதம் வாங்க 320 ரூபாய் மிகுதி. ஒரு ராம் பழுதாகி மாற்றித் தராவிட்டால் இழப்பது அதனினும் மிகுதி என்று சிஸ்டர் கணக்கிட்டுக் காட்டினார்கள். பழைய பொருளை விற்பது குற்றமன்று. புதியது என்று சொல்லிப் பழையதை விற்பதே தவறு.

இனி பில். “பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா?” என்னும் கேள்வியைப் பெற்றோர் பலர் கேட்டிருப்பீர்கள். கணிப்பொறிப் பாகங்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு. பில் இல்லையேல் அதை மிச்சம் பிடிக்கலாம் என்னும் ஆசையை அந்தக் கேள்வி தூண்டுகிறது. ஆனால் ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டைக் கொண்டு சர்வீஸ் சென்டரில் வாரண்டி கேட்க முடியாது. அரசுக்குச் சேர வேண்டியதை மறைத்ததாகவும் ஆகும். முறையான பில்லில் கடையின் 15 இடங்கள் கொண்ட வரிப் பதிவு எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடையானால் அது 33 என்று தொடங்கும். பொருளின் வரிசை எண்ணும் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணும் பொருளின் மேலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒத்துப் பாருங்கள். நாங்கள் ஒருத்தி படிக்க ஒருத்தி சரிபார்க்க, இரண்டு நிமிடத்தில் முடித்தோம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி விற்ற பொருளுக்கு பில் தராதிருப்பது முறையற்ற வணிகச் செயலாகும். குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டுவிட்டதால் மட்டும் கடைக்காரர் இதிலிருந்து தப்பிவிட முடியாது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

வெளிநாட்டுப் பொருளானால் பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த ஒட்டுத்தாள் இல்லாமல் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் முறையான வழியில் வராதது. அதற்கு இந்தியாவில் வாரண்டி கிடைப்பது அரிது. மடிக்கணிப்பொறியின் சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சார்ஜர் விஷயத்தில் மலிவை நாடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மின்சாரத்தோடு விளையாட்டு வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின்னும் சோதிக்கலாம். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யை விண்டோஸ் 238 என்று காட்டும். உடனே கடைக்காரரைத் திட்டிவிடாதீர்கள். தயாரிப்பாளர் ஒரு ஜி.பி.யை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று கணக்கிடுகிறது. ஆனால் பென் டிரைவில் 64 என்று எழுதியிருந்து உண்மையில் 8 மட்டுமே இருக்கும் மோசடி வேறு. இதில் திரையிலும் 64 என்றே காட்டும். நிரப்பும்போதுதான் கோப்புகள் அழியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்னும் இலவச நிரல்கள் முழுவதும் எழுதி, மீண்டும் படித்து உண்மையைச் சொல்லிவிடும். ஹார்ட் டிஸ்க்கானால் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தன்னுள்ளேயே குறித்து வைத்திருக்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் நிரல் அதைக் காட்டும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி. ‘புதிது’ என்று வாங்கியது இருபதாயிரம் மணி காட்டினால் அது எங்கோ இரண்டு ஆண்டுக்கு மேல் இரவு பகலாக உழைத்துக் களைத்து வந்தது என்று பொருள்!

எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு செல்ல வேண்டுமா? வேண்டாம் என்றே நினைக்கிறோம். கிடைத்தற்கரிய டி.டி.ஆர்.3 போன்றவற்றுக்கு அங்கே செல்வது தகும். அடிக்கடி பழுதாகக்கூடிய எஸ்.எம்.பி.எஸ்., தூக்கிச் செல்லக் கனமான யு.பி.எஸ். பேட்டரி ஆகியவற்றை நம் பகுதிக் கடையில் வாங்குவதே நன்று. இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், பழுதானபோது இருமுறை பயணம் செய்தால் மிச்சம் எங்கே? பேருந்து நிறுத்தத்தருகே சிறு கடை வைத்திருக்கும் அண்ணனிடம் ஓர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்துச் சென்றோம். உள்ளேயுள்ள விசிறி மட்டும் நின்றிருப்பதைக் கண்டு, அதை மட்டும் மாற்றித் தந்தார். இணையத்தில் வாங்குவோர் விற்பவர் பெயரைப் பார்த்து வாங்குவதும், பெட்டி திறப்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பதும் நலம்.

விலையைப்பற்றி ஒன்று. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான மாபெரும் தரவு மையங்களுக்கே நினைவகச் சில்லுகள் பெருமளவு சென்றுவிட்டது அதற்குக் காரணம். இத்தகைய நாட்களில் திங்களன்று சொன்ன விலை வெள்ளியன்று இல்லை என்றால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இப்போது கூடத்தில் 11 இயந்திரங்கள் ஓடுகின்றன. பன்னிரண்டாவதன் மதர்போர்டில் மின்தேக்கிகள் உப்பிப்போயிருந்தன. அதன் விசிறியும் கேபிள்களும் மற்றவற்றுக்குப் பயன்பட்டன. கழித்த பலகைகளைக் குப்பையில் போடாமல், 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க அட்டைப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம். பில்கள் அனைத்தும் கூடத்து அலமாரியிலுள்ள நீலக் கோப்பில் இருக்கின்றன. எஸ்.எஸ்.டி.களுக்கு மூன்று ஆண்டு வாரண்டி. ராமுக்கு ஆறே மாதம்தான். முடியும் தேதியைக் கோப்பின் முகப்பில் சிவப்பு மையால் எழுதியிருக்கிறோம். அடுத்த ஆண்டு அக்கூடத்தின் பொறுப்பை ஏற்கும் ஒன்பதாம் வகுப்புத் தங்கையர், அந்தத் தேதிக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வோர் இயந்திரத்திலும் மெம்டெஸ்ட்86 என்னும் ராம் சோதனையை ஓரிரவு ஓட விட்டுப் பாருங்கள்.